அடிக்கு ஒரு இஞ்சு

டேப் பிடிக்கிற வேலைக்கு வாய் எதற்கு என்று நினைத்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன்; டேப்பை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், அளவைச் சத்தமாகச் சொல்வதுதான் வேலை என்பது பிறகுதான் தெரிந்தது.

விழுப்புரத்தில் வீடு, கடை, கிளினிக்குக்கெல்லாம் பிளான் போட்டு அப்ரூவல் வாங்கித் தருகிற ஞானசேகர் சாரிடம் இருக்கிறேன். சைட்டில் சார் டேப்பின் பூஜ்யம் போட்ட முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் சுருளை இழுத்துக்கொண்டு மறுகோடிக்குப் போய் எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். எனக்குப் படிப்பு ஆறாவதோடு சரி. எண் படிக்க வரும், சத்தம்தான் வராது. புது ஆளைக் கண்டால் எண் பாதி வாயிலேயே நின்றுவிடும். "சுமதி, காத்துல போவுதும்மா, சத்தமா சொல்லு" என்று சார் சொல்லாத நாள் இல்லை.

என் வீட்டுக்காரர் ஏழுமலை கொத்தனார் மேஸ்திரியாக இருந்தவர். வானூர் பக்கம் ஒரு வேலையில் சாரம் சரிந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. இப்போது சக்கர நாற்காலிதான். அதனால்தான் நான் பாப்பாவைப் பால்வாடியில் விட்டுவிட்டு, திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் பஸ் ஏறுகிறேன். திண்டிவனத்தில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, மண்டி வைத்திருக்கிற சம்பந்தம் அண்ணன் ஒரு காம்ப்ளக்ஸ் கட்டுகிறார். அதற்குப் பிளான் போட்டதும் எங்கள் சார்தான். முன்னே அவருடைய குடோனைக் கட்டியது என் வீட்டுக்காரர். அந்தப் பழக்கத்தில், "மூலைக் கடை உனக்குத்தான் ஏழுமலை, ஜெராக்ஸ், ரீசார்ஜ் போட்டுக்கினு உக்காரு" என்று அண்ணன் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "என்னிய யாரும் தூக்கினு போயி உள்ள வைக்கக் கூடாது. நானே போவணும், நானே வரணும்."

நான் எந்தக் கட்டடத்துக்கு டேப் பிடித்தாலும் மனசு அந்த மூலைக் கடையைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தது. வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கும், கட்டப் போகிறேன் என்று நாலு பேரிடம் வாயை விட்டவர்களுக்கும் இந்தத் தவிப்பு புரியும்.

டிங்

சாருடைய போனில் இன்ஜினியர்களுக்கென்று ஒரு குரூப் இருக்கிறது. அதில் 'டிங்' என்று சத்தம் வந்தால் சார் கையில் இருக்கிற டீயை அப்படியே வைத்துவிடுவார். புது உத்தரவு வந்திருக்கும். இல்லையென்றால் போன மாதம் வந்த உத்தரவுக்குத் திருத்தம் வந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் அந்தத் திருத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று ஐம்பது பேர் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு விட வேண்டும், கதவு எவ்வளவு அகலம், கைப்பிடி எவ்வளவு உயரம் எல்லாம் மாறும். நான் ஒன்றை மனப்பாடம் பண்ணி முடிப்பதற்குள் அது பழசாகியிருக்கும்.

கோலியனூர்க்காரர் ஒருவருக்கு வீட்டு பிளான் போட்டுக்கொண்டிருந்தபோதுதான், சின்ன வீடுகளுக்குச் சுயசான்று போதும் என்று வந்தது. சார் பழைய ஃபைலை மூடிவிட்டு எல்லாவற்றையும் ஆன்லைனில் புதுசாக ஏற்றினார். அந்த மனிதர் கழுத்துத் துண்டை எடுத்து உதறி உதறி மடித்துக்கொண்டே கேட்டார். "சுயசான்றுன்னா நானே எனக்குக் குடுத்துக்கறதுதான சார்?" ஆமாம், தப்பு இருந்தால் பொறுப்பும் நீங்கள்தான் என்றார் சார். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இன்னிக்கு ஒரு ரூலு, அடுத்த மாசம் ஒரு ரூலுன்னா, கடக்கால தோண்டிட்டு அதுலியே உக்காந்துக்கினு இருக்கணுமா நானு?"

வண்டி ஏறுது

சாய்தளம் என்று ரூலில் இருக்கிறது. சைட்டில் எல்லாருக்கும் அது ரேம்ப். சார் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த கணக்கு அதுதான்: ஓர் அடி நீளத்துக்கு ஒரு இஞ்சு உயரம், அதற்கு மேல் ஏறக் கூடாது. ஒன்றரை அடி உயரத்துக்கு ஏற வேண்டுமென்றால் பதினெட்டு அடி நீளம் வேண்டும். கேட்டவுடன் எல்லாரும் சிரிப்பார்கள். பதினெட்டு அடி இருந்தால் இன்னொரு ரூம் கட்டிவிடுவார்களே.

விழுப்புரத்தில் ஒரு பல் கிளினிக்குக்கு அளக்கப் போனோம். ரேம்ப் இருந்தது, ஏணியைக் கொஞ்சம் சாய்த்து வைத்த மாதிரி. நான் நீளத்தைப் படித்தேன். "எவ்ளோம்மா?" என்றார் சார். திரும்பச் சொன்னேன். அப்போதும் அவருக்குக் கேட்கவில்லை. மேஸ்திரிக்குக் கேட்டுவிட்டது. அவர் தன்னுடைய பைக்கை ஸ்டார்ட் பண்ணி, முதல் கியரில் ரேம்ப்பில் ஏறி, ரிசப்ஷன் வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினார். எங்கள் பக்கத்தில் இதுதான் சோதனை. கொத்தனார் ரேம்ப் போட்டால் கையால் தட்டிப் பார்ப்பதில்லை, வண்டியை ஏற்றிப் பார்ப்பார். சார் மறுபடியும் அடி, இஞ்சு கணக்கைச் சொன்னார். மேஸ்திரி சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்: "இம்மாம் பெரிய வண்டியே ஏறுது சார், மனுசன் ஏற மாட்டானா?"

கட்டினது யார்

இதை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஏன் என்று அடுத்த வாரம் தெரிந்தது. கால் பயிற்சிக்கு, நான் இதுவரைக்கும் பார்த்திராத ஓர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் வாசலில் இருந்த ரேம்ப்பைப் பார்த்து நாற்காலியைப் பிடித்து நிறுத்திவிட்டார். தானே ஏறப் பார்த்தார். சக்கரம் பாதி தூரம் போய்ப் பின்னால் வந்தது. மறுபடியும் போனார், மறுபடியும் வந்தது. நான் பின்னால் முட்டுக் கொடுத்தும் முடியவில்லை.

அட்டெண்டர் அண்ணன் ஒருவர் ஓடி வந்து பிடித்தார். இரண்டு பேரும் மூச்சு வாங்கத் தள்ளினோம். அவருக்குத் தினமும் இதே வேலை போலிருக்கிறது. "எந்தப் புண்ணியவான் கட்டுனானோ தெரியல, தெனமும் எங்க தாலி அறுவுது" என்றார். என் வீட்டுக்காரர் இரண்டு சக்கரத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல் சொன்னார்: "புண்ணியவான் இங்கதான் உக்காந்துக்கினு இருக்கான். நீ மெதுவா தள்ளுப்பா."

எங்கள் மாடிப்படி

சொன்னால் வெட்கம். ஊருக்கெல்லாம் ரேம்ப் போட்டுத் தருகிற எங்கள் ஆபீஸ் மாடியில் இருக்கிறது. கீழே டீக்கடை, பக்கத்தில் ஒருவர் மட்டும் ஏறுகிற அகலத்தில் செங்குத்தாகப் படி. கட்டடம் பழசு, வாடகைக்கு இருக்கிறோம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு நாள் கீழிருந்து யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எட்டிப் பார்த்தால், ஒரு காலுக்குக் கட்டையை ஊன்றிக்கொண்டு பெரியவர் ஒருவர். கடைக்குப் பிளான் போட வந்திருந்தார். சார் இறங்கிப் போய் டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து பேசினார். நான் பென்சிலுக்கு ஒரு தடவை, பழைய பிளானுக்கு ஒரு தடவை, சார் மறந்துவிட்ட கண்ணாடிக்கு ஒரு தடவை என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். நடுவில் பால்வாடியிலிருந்து போன், பாப்பாவுக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று. பெரியவர் என்னையும் படியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாரிடம் கேட்டார்: "ஏன் சார், மாடி ஏறி வர்றவங்களுக்கு மட்டும்தான் ரேம்ப் போட்டுத் தருவீங்களா?"

மஞ்சள் டைல்ஸ்

ஒரு துணிக்கடை வாசலுக்குப் புள்ளி வைத்த மஞ்சள் டைல்ஸ் போட வேண்டும் என்று சார் எழுதிக் கொடுத்திருந்தார். கண் தெரியாதவர்கள் காலால் தடவிக்கொண்டே, படி எங்கே, கதவு எங்கே என்று தெரிந்துகொள்வதற்கு. நேராக வரிசையாகப் போட வேண்டும். நாங்கள் அளக்கப் போனபோது டைல்ஸ்காரர் வேலையை முடித்துவிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார். வாசல் நடுவில் எட்டு இதழோடு ஒரு பூ. நடுவில் புள்ளி டைல்ஸ், சுற்றிலும் கோடு போட்ட டைல்ஸ், மார்கழி மாதத்துக் கோலம் மாதிரி அவ்வளவு அழகு. கடைக்காரர் அதற்குள் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார். சார் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பூவைக் காலால் தடவிக்கொண்டு வருகிறவர் சுற்றிச் சுற்றி அங்கேயேதான் நிற்க வேண்டும். பெயர்த்துவிட்டு நேராகப் போடு என்று சொன்னதும் டைல்ஸ்காரருக்குக் கோபம் வந்துவிட்டது: "கண்ணு தெரியாதவங்களுக்குன்னா அப்புறம் எதுக்கு சார் மஞ்ச கலருல குடுக்குறாங்க?"

வாசக்கால்

பொம்மையார்பாளையத்தில் கடற்கரை ஓரமாக ஒரு கெஸ்ட் ஹவுஸ். அதை நடத்துகிற லட்சுமி அக்கா, மீன் விற்றுச் சேர்த்ததில் கட்டியது என்று பெருமையாகச் சொல்வார். கீழ் ரூம் ஒன்றில் நாற்காலி தடையில்லாமல் போக, வாசக்காலின் கீழ்க்கட்டை இல்லாமல் தரை மட்டமாக இருக்க வேண்டும் என்றார் சார். அக்கா எழுந்தே நின்றுவிட்டார். "மஞ்சக் குங்குமம் எங்க வைக்கிறது? வெள்ளிக்கிழம வெளக்கு எங்க வைக்கிறது? வாசப்படி இல்லாத எடத்துல மகாலட்சுமி எங்க சார் நிப்பா?"

சார் ரூலைச் சொன்னார், அக்கா சாஸ்திரத்தைச் சொன்னார். நான் டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தேன். திண்டிவனம் போகிற பஸ் பிடிக்க வேண்டும், பால்வாடி மூடிவிடுவார்கள். கடைசியில் தச்சர்தான், கட்டையைத் தரைக்குள் இறக்கி, மேல்பக்கம் மட்டும் தரையோடு தரையாகத் தெரிகிற மாதிரி வைக்கிறேன், அதிலேயே மஞ்சள் பூசிக்கொள்ளுங்கள் என்றார். அக்கா காலை நீட்டி அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். முட்டி வலி அவருக்கும் உண்டு. "செரி, அவளுக்கும் வயசாச்சி, படி தாண்டாம வந்துட்டுப் போவட்டும்."

ரோடு ஏறுகிறது

சம்பந்தம் அண்ணன் அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டுகிற பூஜைக்குச் சாரைக் கூப்பிட்டதோடு சரி, அப்புறம் கூரை போட்ட பிறகுதான் கூப்பிட்டார். முன்னால் பச்சை வலை கட்டி மூடியிருந்ததால் உள்ளே நடந்தது எனக்கும் தெரியாது. வலையை விலக்கிக்கொண்டு போனால், தரை என் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. பிளானில் பேஸ்மட்டம், அதாவது ரோட்டிலிருந்து தரையின் உயரம், ஒன்றரை அடி. அண்ணன் மூன்றடியாக ஏற்றியிருந்தார். உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடுகிறார்கள். நாளாக ஆக ரோடு மேலே, வீடு கீழே, மழைத் தண்ணீர் அடுப்படியில். அதற்குப் பயந்து எல்லாரும் முன்கூட்டியே உயர்த்திக் கட்டுகிறார்கள். "ரோடு ஏறிக்கினே போவுது சார், நான் மட்டும் குழிக்குள்ள கடை கட்டட்டுமா?" என்றார் அண்ணன்.

அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் மூன்றடிக்கு ரேம்ப் முப்பத்தாறு அடி. முன்பக்கம் அவ்வளவு இடம் இல்லை. பதினெட்டு அடி உள்ளே போய், ஒரு மேடையில் திரும்பி, பதினெட்டு அடி வெளியே வர வேண்டும் என்று சார் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினார். அவர் கோடு போட்டது அத்தனையும் மூலைக் கடையின் இடம். அண்ணன் சிரித்தார். ஒரு பலகையைச் சாய்த்து வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பிவிடலாம் என்றார். அதற்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் சார். நீங்கள் போடவில்லையென்றால் வேறு இன்ஜினியர் போடுவார் என்றார் அண்ணன். அப்புறம் என் பக்கம் திரும்பினார்: "ரேம்ப் போட்டா ஏழுமலைக்குக் கடை இல்ல, கடை இருந்தா நாலு பேர் தூக்கித்தான் வுடணும். எது வோணும்னு உன் வூட்டுக்காரரையே கேட்டுக்கினு வாம்மா."

முப்பத்தாறு அடி

வீட்டுக்கு வந்ததும் சொல்லவில்லை. சோறு வடித்தேன், பாப்பாவுக்கு ஊட்டினேன், துணி மடித்தேன், மடித்ததையே மறுபடி மடித்தேன். "இன்னா, சைட்ல எதுனா பேஜாரா?" என்று அவரே கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியை முன்னாலும் பின்னாலும் அசைத்துக்கொண்டே இருந்தார். "மூணடிதானா, நல்லா அளந்தியா?" "அளந்தேன்." "சத்தமா சொன்னியா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சொன்னார்: "ரேம்ப்பே போடச் சொல்லு. கடை எங்கனா கெடைக்கும். நானா ஏறிப் போற எடம்தான் இந்த ஊர்ல ஒண்ணுகூட இல்ல."

மறுநாள் சாருக்கு வேறு வேலை, நான் தனியாகப் போனேன். கலவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஜல்லி இறங்குகிறது, பத்து ஆள் நிற்கிறார்கள். அண்ணன் தூரத்திலிருந்தே, "இன்னாம்மா சொன்னான்?" என்றார். சொன்னது எனக்கே கேட்கவில்லை. "இன்னா?" என்று கையைக் காதில் வைத்தார். எனக்குச் சத்தமாகச் சொல்லிப் பழக்கம் அளவு ஒன்றுதான். வயிற்றிலிருந்து கத்தினேன், "முப்பத்தாறு அடி" என்று. அதே நேரம் பார்த்து மிஷினை நிறுத்தினார்கள். ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் சாக்பீஸ் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தார். "முப்பத்தாறு அடிக்கு நான் எத்தினி மூட்ட மல்லாட்ட அடுக்குவேன் தெரியுமா உன் வூட்டுக்காரனுக்கு?"

பின்னாடியே

அதோடு போயிற்று என்றுதான் நினைத்தோம். அந்த வாரம் முழுக்க போன் அடித்தாலே அண்ணனோ என்று பார்ப்பேன். சார் அந்த வேலையை விட்டுவிட்டால் எங்களுக்குக் கடையும் இல்லை, ரேம்ப்பும் இல்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தம் அண்ணனே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வேறு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டினாராம். அவரும் அதே முப்பத்தாறு அடியைத்தான் சொன்னாராம். "என் ஆளுங்களுக்கு வண்டி ஏத்துற ரேம்ப்தான் தெரியும். நீ வந்து நின்னு போட்டுக் குடு ஏழுமலை" என்றார். என் வீட்டுக்காரர் உடனே சரி என்று சொல்லவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்துதான் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் விழுப்புரத்தில், அவர் சைட்டில். மதியம் போன் பண்ணினால் மூச்சு விடாமல் பேசுவார். டியூப் லெவல் வைத்து மட்டம் பார்த்து, "அடிக்கு ஒரு இஞ்சுடா, ஒரு நூல் ஏறக் கூடாது" என்று நடுநடுவே ஆட்களைப் பார்த்துக் கத்துவார். கைப்பிடிக் கம்பியில் தானே கை வைத்துப் பார்த்துத்தான் உயரம் குறித்தாராம். வண்டியை ஏற்றிப் பார்க்க வந்த கொத்தனாரைத் திட்டித் திருப்பி அனுப்பினாராம். பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தம் அண்ணன், யாரும் கேட்காமலே, இரண்டாவது கடையின் குறுக்கே ஒரு சுவர் வைத்து, பாதியை என் வீட்டுக்காரருக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

வேலை முடிந்த அன்று சாரும் வந்தார். என் வீட்டுக்காரர் சக்கரத்தில் கை வைத்தார். நான் பழக்கத்தில் பின்னால் போய்ப் பிடித்தேன். "கைய எடு" என்றார். எடுத்துவிட்டேன், ஆனால் எங்கே வைப்பது என்று தெரியாமல் பாப்பாவைத் தூக்கிக்கொண்டேன். பதினெட்டு அடி போனார். மேடையில் நின்று மூச்சு வாங்கினார். திரும்பினார். மறுபடி பதினெட்டு அடி. மேலே போய்ச் சேர்ந்ததும் எங்களைப் பார்க்கவில்லை, நேராகக் கடையைப் பார்க்கப் போய்விட்டார்.

சார் கடைக்குள் டேப் வைத்தார். நான் படித்துச் சொன்னேன், சத்தமாகவே. சார் முகம் சுருங்கிவிட்டது. கதவு சரி, தரை சரி. ஆனால் உள்ளே நாற்காலி ஒரு சுற்றுத் திரும்ப ஐந்தடி வேண்டும், பாதிக் கடையில் அது இல்லை. "ரூல்படி இது தப்பு ஏழுமலை, எப்படி இத வுடறது?" என்றார். அந்தப் பேச்சு நடக்கும்போதே சாருடைய போன் 'டிங்' என்றது. நாங்கள் எல்லாரும் அந்தப் போனையே பார்த்தோம். என் வீட்டுக்காரர் மட்டும் நாற்காலியைத் திருப்பி, முதுகை உள்ளே விட்டு, பின்னாலேயே போய், கல்லாப் பலகை வரப்போகிற இடத்தில் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார்: "திரும்புறதுக்கா சார் உள்ள போறேன்? பின்னாடியே போறேன், முன்னாடியே வர்றேன்."

நான் டேப்பை இழுத்துக்கொண்டு மறுகோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் யாராவது பூஜ்யத்தை நகர்த்திவிடுகிறார்கள் என்பதுதான், இந்த வேலையில் இன்றைய தேதி வரைக்கும் மாறாத ஒரே ரூல்.